குட்டி பாட்டிலும் ரெண்டு போல்ட்டும்

இத்தாலியில சாயங்காலம் ஏழு மணின்னு வச்சுக்கோங்க. வேலை முடிஞ்சாச்சு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. இந்த இடைவெளிக்கு அந்த ஊர்க்காரங்க ஒரு பேரே வச்சிருக்காங்க: அபெரிதீவோ. லத்தீன்ல 'திற' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறந்து விடுற பானம் என்று அர்த்தம். தெருவோர மேஜையில உட்காருவாங்க. ஒரு கிண்ணத்துல ஆலிவ் காய், இன்னொண்ணுல சிப்ஸ். நடுவுல செக்கச் செவேல்னோ ஆரஞ்சு நிறத்திலோ ஒரு கசப்பான பானம்.

இதுல ஆல்கஹால் கண்டிப்பா இருக்கணும்னு நினைக்கிறீங்களா? அவசியமே இல்லை. க்ரொடினோ, சான்பிட்டேர் என்று இரண்டு பானங்கள் 1960களிலிருந்து அங்கே ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டிலும் ஆல்கஹால் துளிகூடக் கிடையாது. அதுக்காகச் சின்னப் பசங்களுக்கான ஜூஸ்னு நினைச்சுடாதீங்க. வாயில வச்சதும் முதலில் இனிப்பு தெரியும், அடுத்த நொடி நாக்கின் பின்பக்கத்தைக் கசப்பு பிடிச்சுக்கும். பாகற்காயைத் தட்டோட ஓரத்துல ஒதுக்குற ஆளா இருந்தா முதல் தடவை முகம் சுளிப்பீங்க. மூணாவது தடவை நீங்களே கேட்டு வாங்குவீங்க.

கசப்பு எதுக்கு? இனிப்பை உணர நம்ம நாக்குல ஒரே வகை ஏற்பிதான் இருக்கு. கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. செடிகளில் இருக்கும் விஷங்கள் பெரும்பாலும் கசக்கும் என்பதால் உடம்பு இந்த ஒரு சுவை விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கு. கசப்பு பட்டதும் எச்சில் ஊறும், வாய் அடுத்து ஏதாவது கேட்கும். அதனாலதான் இந்தப் பானம் சாப்பாட்டுக்கு முன்னாடி வருது.

நான் சொல்ல வந்தது பானத்தைப் பத்தி மட்டும் இல்லை. அந்த மேஜையில ஒரு குட்டி பாட்டில் இருக்கு பாருங்க, கிட்டத்தட்ட 100 மில்லி, ஒரு ஆளுக்கு ஒண்ணு, திறந்து ஊத்தினா முடிஞ்சுது. அந்த யோசனையை இத்தாலி முழுக்கப் பழக்கிவிட்ட முதல் பாட்டில் 1932ல் வந்தது. அதோட உருவத்துக்குப் பின்னால ஒரு ஓவியர் இருக்கார். பேர் ஃபோர்த்துனாத்தோ டெபெரோ. பாட்டிலில் அவர் பேர் கிடையாது.

1892 மார்ச் 30ஆம் தேதி, ஃபோந்தோ என்ற மலையூரில் பிறந்தார். இன்றைக்கு அது இத்தாலியின் திரெந்தினோ பகுதி. அன்றைக்கு ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. வீட்டில் பேசியது இத்தாலியன், ஆட்சி செய்தது வியன்னா. பள்ளிப் படிப்பு பக்கத்தில் இருந்த ரொவெரெத்தோ நகரத்தில். கடைசி வரைக்கும் அவருக்கு ஊர் என்றால் அதுதான்.

படம் வரையணும்னு ஆசை. பேரரசின் தலைநகரில் பெரிய நுண்கலைக் கழகம் இருந்தது. பதினாறு வயசு வாக்கில் அங்கே நுழைவுத் தேர்வுக்குப் போனார். சீட் கிடைக்கலை. (அதே கழகம் அதே காலகட்டத்தில் ஹிட்லர் என்ற இன்னொரு இளைஞனையும் திருப்பி அனுப்பியது. அந்தக் கதை வேற.) கட் ஆஃப் மார்க் கதைகளைக் கேட்டே வளர்ந்த உங்களுக்கு இந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. டூரினுக்குப் போய், அங்கே நடக்கவிருந்த சர்வதேசக் கண்காட்சிக்கு அலங்கார வேலை செய்தார். பிறகு ரொவெரெத்தோ திரும்பி, ஒரு சலவைக்கல் பட்டறையில் கல்லறைக் கற்கள் செதுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஓவியராக வேண்டியவர் செத்தவங்க பேரைக் கல்லில் கொத்திக்கிட்டிருந்தார். ஆனா அந்த வேலை அவருக்கு ரெண்டு விஷயம் கத்துக்கொடுத்தது என்று நினைக்கிறேன். ஒண்ணு, பொருளைக் கையால் பிடிச்சு வேலை செய்யும் பழக்கம். இன்னொண்ணு, எழுத்தைக் கனமான, முப்பரிமாணமுள்ள பொருளா பார்க்கும் கண். பின்னாடி அவர் செய்ததை எல்லாம் பார்த்தா இது புரியும்.

1909ல் மரினெட்டி என்ற கவிஞர் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் ஃபியூச்சரிசம் என்ற இயக்கத்தை அறிவிச்சிருந்தார். பழசை எல்லாம் தூக்கிப் போடு, வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடு என்பது அவங்க கட்சி. 1913 கடைசியில் டெபெரோ ரோமுக்குப் போனார். அங்கே போச்சியோனியின் சிற்பக் கண்காட்சியைப் பார்த்தார். ஜாக்கொமோ பல்லா என்ற மூத்த ஓவியரோட நட்பு கிடைச்சது. ரெண்டு பேரும் சேர்ந்து 1915 மார்ச்சில் ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. தலைப்பு சாதாரணமானது இல்லை, பிரபஞ்சத்தையே ஃபியூச்சரிச முறையில் திரும்பக் கட்டுவோம் என்பதுதான் தலைப்பு. ஒருத்தருக்கு வயசு இருபத்திரெண்டு, இன்னொருத்தருக்கு நாற்பத்தி மூணு. பெரிசா யோசிக்க வயசு தடையில்லை போல.

விளையாட்டுக்கு எழுதினதுன்னு நினைக்காதீங்க. ஓவியம் கேன்வாஸில் நிக்கக் கூடாது, பொம்மை, துணி, மேஜை நாற்காலி, விளம்பரம், தெரு எல்லாத்துக்குள்ளேயும் இறங்கணும் என்று அதில் வாதம் பண்ணினாங்க. கம்பி, அட்டை, துணி, கண்ணாடி இப்படிக் கைக்குக் கிடைச்ச பொருளை வச்சு, அசையும், சத்தம் போடும் உருவங்கள் செய்யலாம் என்றும் எழுதினாங்க. நம்ம பிராஜெக்ட் எக்ஸ்போவில் மோட்டார் மாட்டிய அட்டைப் பொம்மை வைப்போமே, ஏறக்குறைய அதுதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி அதைக் கலைன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்.

நடுவில் போர் வந்தது. இத்தாலியின் பக்கம் தன்னார்வலராகப் போனார், உடம்பு சரியில்லாமல் கொஞ்ச நாளிலேயே திரும்பினார். 1916ல் ரஷ்ய பாலே குழுவை நடத்திய தியாகிலெவ், ஸ்ட்ராவின்ஸ்கியின் ஒரு படைப்புக்கு மேடையும் உடைகளும் செய்யச் சொன்னார். டெபெரோ மாசக்கணக்கில் உழைத்தார். அது மேடைக்கு வரவேயில்லை. அதே சமயம் பிகாசோ வேற ஒரு பாலேவுக்காக ரோமில் இருந்தார். அவருக்கான உடைகளைச் செய்ய டெபெரோ கைகொடுத்தார். பிகாசோவோட வேலை மேடை ஏறியது, டெபெரோவோட சொந்த வேலை ஏறவில்லை. மனசு எப்படி இருந்திருக்கும்? 1918ல் மரப்பொம்மைகளை வச்சுத் தானே ஒரு நடன நாடகத்தை ரோமில் நடத்திவிட்டார். ஆளுங்க ஒத்துவரலைன்னா பொம்மைகள் ஒத்துவரும் இல்லையா?

1919ல் ரொவெரெத்தோ திரும்பினப்போ, ஊர் பாதி இடிஞ்சு கிடந்தது. போர்முனை அந்த ஊர் வழியாகவே போயிருந்தது. அங்கே மனைவி ரொசெத்தாவோட சேர்ந்து ஒரு கலைக்கூடம் ஆரம்பித்தார். கலைக்கூடம் என்பதைவிடப் பட்டறை என்று சொல்லலாம். அவர் வரைவார். ரொசெத்தாவும் அவங்களோட வேலை செய்த பெண்களும் வண்ணக் கம்பளித் துணிகளை வெட்டிக் கேன்வாஸில் தைத்துப் பெரிய பெரிய சுவர்த்துணிகளாக மாத்துவாங்க. தலையணை, பொம்மை, நாற்காலி, போஸ்டர், எல்லாத்துக்கும் ஆர்டர் எடுத்தாங்க. இன்றைக்கு அருங்காட்சியகங்களில் டெபெரோ பேரில் தொங்கும் துணிகளில் ஓடும் ஊசித் தையல் பெரும்பாலும் அந்தப் பெண்களோடது. டெபெரோவைப் பத்தி எழுதும்போது இதைத் தாண்டிப் போறது நியாயமில்லை.

இந்தப் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தர் தாவிதே கம்பாரி. மிலானில் அவங்க அப்பா காஸ்பாரே கம்பாரி 1860களில் பெயர் வாங்கின கசப்பு பானத்தை மகன் தொழிற்சாலையாக்கி, உலகம் முழுக்க அனுப்பிக்கிட்டிருந்தார். அதில் ஆல்கஹால் உண்டு, நல்லாவே உண்டு. சோடா கலந்து குடிப்பாங்க. 1915ல் மிலான் பேராலயச் சதுக்கத்தின் மூலையில் அவர் திறந்த கடையில், கவுண்டருக்குக் கீழே நிலவறையிலிருந்து குளிர்ந்த சோடா குழாய் வழியா இடைவிடாமல் மேலே வரும்படி ஏற்பாடு செய்திருந்தாங்க. மெக்கானிக்கல் பசங்க கவனிக்கவும்: அந்தக் காலத்துல அந்தக் கடைக்குக் கூட்டம் சேர்த்ததில் அந்தப் பிளம்பிங்குக்கும் பங்கு உண்டு.

டெபெரோ கம்பாரிக்காக 1920களின் நடுவிலிருந்து வரைய ஆரம்பித்தார். கருப்பு வெள்ளையில், கோடும் கோணமுமா, பொம்மை மாதிரி மனுஷங்க கிளாஸும் கையுமா நிப்பாங்க. மழையே இந்தப் பானமா பெய்தா எப்படி இருக்கும் என்று ஒரு விளம்பரம். எழுத்துக்களே கட்டடம் மாதிரி எழும்பி நிக்கும், கல்லறைப் பட்டறை ஞாபகம் இருக்கா? 1926ல் அவர் ஒரு வேலை செய்தார். சோடாவோட குடிக்கிற இந்தப் பானத்தைப் பத்தி ஒரு பெரிய ஓவியம் வரைந்து வெனிஸ் பியென்னாலே கண்காட்சியில் மாட்டினார். அது விளம்பர ஓவியம், போஸ்டர் இல்லை என்று தானே வகைப்படுத்தவும் செய்தார். இத்தாலியின் மிகப் பெரிய கலைக் கண்காட்சியில், சுவரில் ஒரு பிராண்டின் பேர்!

இதுல ஒரு கேள்வி இருக்கு, டெபெரோவை வாழ்க்கை முழுக்கத் துரத்தின கேள்வி. விளம்பரத்துக்கு வரைந்தா கலைஞனா, வியாபாரியா? அவர் பதில் நேரடியானது. அந்தக் காலத்து ஓவியர்கள் ராஜாவுக்கும் தேவாலயத்துக்கும் வரைந்தார்கள், அவங்க புகழைப் பரப்பினாங்க, இன்றைக்கு உலகத்தை நடத்துறது தொழிற்சாலை, அதனால இன்றைய கலைஞன் அதோட புகழைப் பாடினா என்ன தப்பு என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1931ல் கம்பாரிக்காகவே ஒரு தனிப் புத்தகம் போட்டு, வரப்போகும் கலை விளம்பரமாகத்தான் இருக்கும் என்று அதில் ஒரு அறிக்கையே எழுதினார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. புகழ் பாடச் சொன்னா யாருக்கும் பாடலாமா என்ற இடத்தில் அந்த வாதம் வழுக்குது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி போல்ட் கதை. 1927ல் தன்னோட வேலைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். இன்றைய பாஷையில் போர்ட்ஃபோலியோ. பைண்டிங் எப்படி? நூலும் இல்லை, பசையும் இல்லை. ரெண்டு பெரிய அலுமினிய போல்ட், நட்டோட. தாள்களில் ஓட்டை போட்டு முறுக்கி வச்சாச்சு. நட்டைக் கழட்டினா பக்கங்களை வெளியே எடுத்துச் சுவரில் ஒட்டலாம், திரும்ப மாட்டலாம். பக்கங்களில் எழுத்து நேரா ஓடாது, வட்டமா, சாய்வா, தலைகீழா ஓடும். படிக்கிறவர் புத்தகத்தைச் சுத்திக்கிட்டே இருக்கணும். அலமாரியில் மத்த புத்தகங்களோட வச்சா போல்ட் பக்கத்துப் புத்தகத்தைக் கீறும். ஸ்பைரல் பைண்டிங்குல ரெக்கார்ட் நோட்டு சமர்ப்பிக்கும் நாம இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இன்றைக்கு உலகத்தில் புத்தக வடிவமைப்பு பத்தி யார் பேசினாலும் இந்த போல்ட் புத்தகத்தைத் தொடாம போறது அபூர்வம்.

அடுத்த வருஷமே அந்தப் போர்ட்ஃபோலியோவைத் தூக்கிக்கிட்டு நியூயார்க் கிளம்பினார், ரொசெத்தாவும் கூட. இங்கிலீஷ் சரியா வராது. வானளாவிய கட்டடங்கள், பாதாள ரயில், மின்விளக்கு விளம்பரங்கள். ஃபியூச்சரிஸ்டுகள் இத்தாலியில் உட்கார்ந்து கனவு கண்டது எல்லாம் அங்கே நிஜமாவே நின்னது. ஒரு கலை இல்லம் திறந்தார், உணவகச் சுவர்களை அலங்கரித்தார், நாடக உடைகள் செய்தார், வேனிட்டி ஃபேர் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைந்தார். ஆனா 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. கையில காசு நிக்கலை. 1930ல் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் இருந்த இத்தாலியன் என்ற பெருமை மட்டும் மிஞ்சியது.

சரி, இப்போ பாட்டில்.

1932ல் தாவிதே கம்பாரிக்கு ஒரு யோசனை. கடைக்காரர் ஊத்தும் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஒருத்தர் சோடாவைக் கொட்டுவார், இன்னொருத்தர் காட்டவே மாட்டார். பேசாம தொழிற்சாலையிலேயே சரியான அளவில் சோடாவோட கலந்து, ஒருவேளைக்கு ஒரு பாட்டிலா அடைச்சு அனுப்பினா? இன்றைக்கு இது நமக்குச் சாதாரணம். அன்றைக்கு இப்படிக் கலந்து வரும் பானம் புதுசு. அந்தப் பானத்துக்கான பாட்டிலின் உருவம் டெபெரோவின் வரைபடத்திலிருந்து வந்தது. ஒரு கிளாஸைக் கவிழ்த்து வச்சா எப்படி இருக்கும்? அடி அகலமா, மேலே போகப் போகக் குறுகலா, ஒரு வெட்டுக் கூம்பு. எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் நாம முதல் செமஸ்டரில் வரைந்து அழிச்ச அதே ஃப்ரஸ்டம்.

காகித லேபிள் கிடையாது. பேர் கண்ணாடியிலேயே புடைச்சு நிக்கும். லேபிள் இருந்தா நிறத்தை மறைக்கும், ஐஸ் தண்ணியில் ஊறிக் கிழியும். இதில் அந்தச் செவப்பு நிறமே லேபிள் ஆயிடுச்சு. இருட்டில் கையை விட்டாலும் உருவத்தை வச்சே எதுன்னு சொல்லிடலாம். அதைப் பார்க்கும்போது ஒரு விஷயம் தோணுது: 1915ல் பிரபஞ்சத்தைத் திரும்பக் கட்டுறதா அறிவிச்சவர் கடைசியில் 98 மில்லி அளவுக்கு ஒரு பொருளுக்கு உருவம் கொடுத்தார், அது மட்டும் துல்லியமா வேலை செய்தது. அந்த பாட்டில் தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகியும் பெரிசா மாறாம விற்பனையில் இருக்கு. நாம எழுதுற ஆப் ஒண்ணு தொண்ணூறு நாள் அப்டேட் இல்லாம தாங்குமா?

அதுல 10 சதவீதம் ஆல்கஹால் உண்டு என்பதையும் சொல்லிடறேன். மேலே நான் சொன்ன க்ரொடினோவும் சான்பிட்டேரும் அதுக்கு முப்பது வருஷத்துக்குப் பிறகு, அதே ஒருவேளைக்கு ஒரு பாட்டில் என்ற கணக்கில், ஆல்கஹாலை நீக்கிட்டு வந்தவை. வண்டி ஓட்டுறவங்க, கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுறவங்க, சும்மா வேண்டாம்னு நினைக்கிறவங்க, எல்லாருக்கும் அந்த ஏழு மணி மேஜையில் ஒரு இடம் கிடைச்சது. பக்கத்துல இருக்கிறவர் கிளாஸையும் உங்க கிளாஸையும் பார்த்தா வித்தியாசம் தெரியாது. யாரும் ஏன் குடிக்கலைன்னு கேட்க மாட்டாங்க, ஏன்னா நீங்களும் குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க! க்ரொடினோ 1995ல் கம்பாரி நிறுவனத்துக்கே கைமாறியது என்பது கூடுதல் தகவல்.

இப்போ அந்த வழுக்கல். டெபெரோ 1930களில் முசோலினியின் ஆட்சிக்கும் வரைந்தார். கட்டாயத்தில் மட்டும் செய்தார் என்று சொல்ல முடியாது, 1943ல்கூட அந்த ஆட்சியைப் போற்றி ஒரு புத்தகம் போட்டார். பானத்துக்குப் புகழ் பாடிய அதே கையெழுத்து, அதே தடித்த எழுத்து, சர்வாதிகாரிக்கும் பாடியது. அவரை ரசிக்கிற பலர் இந்தப் பக்கத்தை வேகமாப் புரட்டிடுவாங்க. இந்தப் பக்கத்தை மட்டும் போல்ட்டைக் கழட்டி வெளியே எடுத்து வச்சுட முடியாதுங்க.

போருக்குப் பிறகு அதுக்கான விலையும் வந்தது. 1947ல் மறுபடி அமெரிக்கா போனார். ஃபியூச்சரிசம் என்றாலே பாசிசம் என்று பார்த்த காலம், வரவேற்பு இல்லை. 1949ல் திரும்பி வந்தார். இளம் ஓவியர்கள் வேற திசையில் போயிருந்தாங்க. அவர் மட்டும் தன் துணி, பொம்மை, போஸ்டர், வரைபடம் எல்லாத்தையும் சேர்த்து வச்சு ஊர் நகராட்சியோட பேசி, ரொவெரெத்தோவில் ஒரு அருங்காட்சியகம் அமைக்கப் பாடுபட்டார். மேஜை முதல் சுவர்ப் பலகை வரை உள்ளே எல்லாத்தையும் தானே வடிவமைத்தார். 1959ல் அது திறந்தது. 1960 நவம்பர் 29ஆம் தேதி அவர் இறந்தார், வயசு 68.

அந்த அருங்காட்சியகம் சீரமைக்கப்பட்டு 2009லிருந்து மறுபடி திறந்திருக்கு. இத்தாலியில் ஒரு ஃபியூச்சரிஸ்ட் தானே நிறுவிய ஒரே அருங்காட்சியகம் அதுதான். மிலானோ வெரோனாவோ இன்டர்ன்ஷிப்புக்கோ மேற்படிப்புக்கோ போற சீனியர்ஸ் யாராவது இதைப் படிச்சா, வெரோனாவிலிருந்து ரொவெரெத்தோவுக்கு நேரா ரயில் இருக்கு. சுவர்த்துணிகளைக் கிட்டப் போய்ப் பாருங்க, தையல் தெரியும்.

பார்த்துட்டு வெளியே வரும்போது சாயங்காலமா இருந்தா, ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து க்ரொடினோ கேளுங்க. பெரிய கிளாஸில் நிறைய ஐஸ், ஒரு துண்டு ஆரஞ்சு, அதுக்கு மேல பாட்டில் முழுக்க ஊத்திக்கோங்க. அவசரப்படாம குடிங்க. ஐஸ் கரையக் கரைய இனிப்பு குறைஞ்சு கசப்பு மட்டும் நிக்கும், அப்போதான் ஆலிவ் காய் தேவைப்படும். அடுத்த மேஜையில் யாராவது அந்தக் கவிழ்த்த கூம்பைத் திறந்துக்கிட்டிருந்தா, அது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும்.